ஒன்பது நிமிடத்தில் அக்கரை

கல்லாந்துறைக்கு மாற்றலாகி வந்த புதிதில் படகில் ஏற எனக்குக் கால் நடுங்கும். நான் காங்கேயத்துக்காரி. எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் எண்பது அடிக் கிணற்றின் அடியில் கிடப்பது. இங்கே கதவணை கட்டிய பிறகு காவிரி ஏரி மாதிரி விரிந்து, ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் கிடக்கும். நான் குடியிருந்தது இக்கரையில். கிராம சுகாதார நர்ஸாக எனக்கு வேலை அக்கரைப் புதூரில். பாலத்தைச் சுற்றிப் பஸ்ஸில் போனால் முப்பது கிலோமீட்டர். படகில் ஒன்றரை. ஏறாமல் முடியாது.

அந்த நடுக்கத்தைப் போக்கியவள் அன்புச்செல்வி. படகில் சீட்டுக் கொடுப்பதும் கயிறு கட்டுவதும் அவள்தான். முதல் நாள் நான் கூரைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"ஏனுங் நர்ஸம்மா, கம்பியப் புடிக்காதீங்க. என்ற தோளப் புடிங்க. கம்பி ஆடும், நான் ஆடமாட்டேன்" என்றாள்.

உண்மையிலேயே ஆட மாட்டாள். நாற்பது வயதிருக்கும். கறுத்து, ஒல்லியாக, மூக்குத்தி இல்லாத மூக்கும் உரத்த குரலுமாக இருப்பாள். காலை நடையில் பால் கேன்கள், தறிக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கருவேப்பிலைக் கட்டோடு ராசம்மாள், புதூர்ப் பள்ளி வாத்தியார் சாமுவேல், நாலைந்து பைக்குகள் என்று எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். அத்தனைக்கும் நடுவே புகுந்து புகுந்து சீட்டுக் கொடுப்பாள்.

படகை ஓட்டியவர் அவள் வீட்டுக்காரர் கௌதமன். பின்பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்திருப்பார். பேச்சு குறைவு. காது மட்டும் எப்போதும் எஞ்சின் பெட்டியின் பக்கம் இருக்கும். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் தோட்டத்தில் ஏர் ஓட்டியவர்கள். இவர் சின்ன வயதிலேயே கோயமுத்தூருக்குப் போய், கணபதியில் எஞ்சின் செய்கிற ஒரு பட்டறையில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். செய்து முடித்த எஞ்சின்களை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிற கொட்டகையில் வேலை. பிறகு ஊருக்குத் திரும்பி இந்தப் படகில் உட்கார்ந்தார். பதினேழு வருடம் ஆகியிருந்தது.

துறையை ஏலம் எடுத்திருந்தவர் நரசிம்மலு. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் வீடு, ஊருக்கு வெளியே மில். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார், கௌதமனிடம் "மிசின் எப்படிப்பா இருக்குது?" என்று கேட்டுவிட்டு, சுடச்சுட ஜிலேபி மீன் வறுவல் தின்றுவிட்டுப் போய்விடுவார். போன தை மாதம் அவருக்கு இருதயத்தில் கோளாறு வந்து படுத்துவிட, துறை மகன் உதய் கைக்கு வந்தது.

உதய்க்கு முப்பது வயதுக்குள். எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுகிற பையன். வந்த வாரமே படகுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தான், புது லைஃப் ஜாக்கெட் வாங்கிப் போட்டான். துறையில் பெரிய ஃபிளெக்ஸ் ஒன்று கட்டினான்: 'ஒன்பது நிமிடத்தில் அக்கரை.' அதுவரை பதிமூன்று நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. கௌதமன் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"ஒம்பது நிமிசத்துல போலாமுங்க. டீசல் நெம்பக் குடிக்குமுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ அடி" என்றான் உதய்.

கௌதமன் அடித்தார். எங்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அக்கரையில் ஏழே முக்கால் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. படகின் மூக்கில் தண்ணீர் மதில் மாதிரி எழும்பி, பின்னால் அலை இரண்டு பக்கமும் விரிந்து போகும். பிள்ளைகள் கத்துவார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேற்கே கணவாய்ப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. புதூரில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பினேன். இக்கரையில் கூட்டம். உதய் நின்றிருந்தான், கூட, அவனோடு படித்த எஞ்சினியர் சைதன்யா. படகு கயிற்றில் கட்டியபடி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சைதன்யா கையில் அளவு போட்ட டப்பாவும் ஃபோனும் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினார்கள். "முக்கால் லிட்டருக்கும் கம்மி. மிசின் நல்லா இருக்குது" என்றார் சைதன்யா.

உதய் கௌதமன் பக்கம் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான்.

"போன வருசம் ஒரு நாளைக்கு எட்டு லிட்டரு. இந்த வருசம் பதினாலு, பதினஞ்சு. அதே பதினாறு நடை. மிசின்ல கோளாறு இல்லைன்னு இப்ப எல்லாருமே பாத்தீங்க. முன்ன பதிமூணு நிமிசம் ஓடுன மிசின் இப்ப ஒம்பது நிமிசந்தான் ஓடுது. டீசல் குறையணுமா, கூடணுமா? நீயே சொல்லு கௌதமா. மிச்சம் ஆறு லிட்டர் எங்க போவுது?"

எனக்கே அது சரியாகப் பட்டது. குறைந்த நேரம் ஓடினால் குறைந்த டீசல்தானே. சுற்றி நின்றவர்கள் முகத்திலும் அதுதான் தெரிந்தது. யாரோ பின்னால், "அந்தத் தெருக்காரங்ககிட்டச் சாவியக் குடுத்தா" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்கள்.

கௌதமன் கழுத்து நரம்பு புடைத்தது. "தண்ணிக்குள்ள போச்சுங்க" என்றார்.

"கொட்டிப்போட்டியா?"

"கொட்டலீங்க. மிசினுதான் குடிச்சுது. கட்டிப்போட்டு வெச்சு அளந்தா எப்படிங்க தெரியும்? வேலையில்லாம நிக்கற மிசின் எத்தனை குடிக்கும்?"

உதய் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தான். டீசல் எடுத்தது உண்மை, மன்னித்துக்கொள்ள வேண்டும், இனித் துறைப் பக்கம் வரமாட்டேன் என்று எழுதியிருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு. நான் போலீஸுக்குப் போகல. எங்கப்பா முகத்துக்காக இத்தனை செய்யறேன்."

கௌதமன் தாளைக் கையில் வாங்கவில்லை. அன்புச்செல்விதான் வாங்கினாள். எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல திருடுனேன்னு எழுதியிருக்குதுங்க. அவரு திருடலீங்க. அப்பறம் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

"புதன்கிழமை வரைக்கும் டைம் தர்றேன், அம்மணி. அன்னைக்கு வேற டிரைவரோட வாரேன்" என்று சொல்லிவிட்டு எஞ்சின் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் படகு இல்லை. நான் முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் சுற்றினேன். பால்காரர்களின் பால் திரிந்தது. ராசம்மாளின் கருவேப்பிலை வாடியது. அந்தக் கோபமெல்லாம் கௌதமன் மேல் விழுந்தது. "போட்டுத் தொலைச்சா என்ன? ஊரே தவிக்குது" என்று டீக்கடையில் சொன்னார்கள். சாமுவேல் வாத்தியார்கூட, "வேற எங்காவது வேலை கிடைக்காமலா போகும்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததற்கு இப்போதும் எனக்கு வெட்கம்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெருக் கடைசியில் ஓட்டு வீடு. காற்றில் தகரக் கதவு தடதடத்துக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி இறக்கியிருந்தாள். நான் வேண்டாம் என்றதைக் கேட்காமல் ஒரு தட்டில் போட்டு, நடுவில் குழி பறித்து நெய் ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க. திருட்டுச் சோறில்லீங்க" என்றாள்.

"நான் அப்படி நினைக்கலை, அன்பு."

"நெனச்சீங்க. அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்தேன்." அவள் கோபப்படவில்லை; பருப்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "நெனக்காம எப்படி இருப்பீங்க? அந்தப் பையன் அத்தனை நாயமாப் பேசறான். கொறைய நேரம் ஓடுனாக் கொறையாக் குடிக்கும். கேக்கறதுக்கு எத்தனை நல்லாருக்குது!"

கௌதமன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய அண்ணனும் வந்திருந்தார். "தம்பி, பெரிய இடம். போலீஸுன்னு போனா நம்மளத்தான் முட்டி போடச் சொல்லுவாங்க. போட்டுட்டு வந்துரு. ஈரோட்டுல உன்ற மக படிக்கறா. அவளுக்கு இந்தச் சங்கதியே தெரியாமப் போயிரும்" என்றார்.

"தெரியாமப் போகாது, மாமா" என்றாள் அன்புச்செல்வி. "நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப, வேலை பாக்கறப்ப, எவனாவது ஒருத்தன் அந்தத் தாளப் பத்திச் சொல்லுவான். உங்கப்பன் டீசல் திருடுனவன்னு. அன்னைக்கு அவ எங்களைக் கேப்பா, ஏன் போட்டீங்கன்னு. படகு நின்னா ஊருக்கு நாலு நாள் கஷ்டம். இந்தக் கையெழுத்து அவ சாகற வரைக்கும் கூட வரும்."

அண்ணன் எழுந்து போய்விட்டார்.

நான் கௌதமனிடம் கேட்டேன். "நிஜமாவே வேகமாப் போனா அத்தனை கூடுமா?"

அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துப் பேசினார். "ரோட்டுல வண்டி தள்றதும் தண்ணியில படகு தள்றதும் ஒண்ணில்லீங்க நர்ஸம்மா. மெதுவாப் போனாத் தண்ணி ஒதுங்கி வழி விடும். வேகமாப் போனா ஒதுங்கறதுக்கு அதுக்கு நேரம் பத்தாது. முன்னால எந்திரிச்சு நின்னுக்கும். அத முட்டி முட்டித்தான் போகணும். படகு பின்பக்கம் உக்காந்துக்கும் பாருங்க, பாத்திருப்பீங்க. அப்பறம் மேட்டுல ஏர்ற மாதிரிதான். ஒரு பங்கு வேகம் கூட்டறதுக்கு மிசினுக்கு ரெண்டு மூணு பங்கு பாரம். கணபதியில நாங்க மிசினுக்குப் பாரம் கட்டாம டீசல் அளக்கவே மாட்டோமுங்க. சும்மா சுத்தறப்ப எல்லா மிசினும் நல்ல மிசினுதான்."

"அப்ப அளந்து காட்டுங்களேன்."

"கண்ணுக்குத் தெரியற மாதிரி அளக்கணும். டேங்க் இரும்பு. உள்ள குச்சி உட்டுப் பாத்தா நான் ஏமாத்தறேம்பாங்க."

நான் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தேன். கை நின்றது. "ஒரு லிட்டர் குளுக்கோஸ் பாட்டில் ஆகுமா? பக்கத்துல கோடு போட்டிருக்கும். வெளியே இருந்து பாத்தாலே தெரியும்."

கௌதமன் எழுந்து நின்றுவிட்டார். அன்புச்செல்வி என் தட்டில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். காலை ஏழு மணிக்குத் தோளில் தடுப்பூசிப் பெட்டியும், பையில் காலி பாட்டில்கள் இரண்டும், ரப்பர் குழாயுமாகத் துறைக்குப் போனேன். இரண்டு நாளாகத் தவித்த கூட்டம் முழுவதும் அங்கே இருந்தது. உதய் காரில் வந்து இறங்கினான். சைதன்யாவும், சபரீஷ் என்ற புது டிரைவரும் கூட வந்தார்கள். ஜனங்கள் திபுதிபுவென்று படகில் ஏறி உட்கார்ந்தார்கள்.

உதய் தாளை நீட்டினான். கௌதமன் கையைக் கட்டிக்கொண்டார்.

"அளக்கணுமுங்க" என்றார்.

"அளந்தாச்சே."

"ஓட்டி அளக்கணுமுங்க. ஆளோட, பாரத்தோட. உங்க வேகத்துல ஒரு போக்குவரத்து, என்ற வேகத்துல ஒண்ணு. உங்க எஞ்சினியரே பாக்கட்டும். கூடுதலா ஒண்ணும் குடிக்கலைன்னா அந்தத் தாளுல கையெழுத்துப் போட்டுப்போட்டு, நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போறேன்."

"இதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. சபரீஷ், நீ ஏறு."

சபரீஷ் ஏறினான். ஆனால் படகு கரையோடு கட்டியிருந்தது. கயிற்றின் முடிச்சின்மேல் அன்புச்செல்வி உட்கார்ந்திருந்தாள். சம்மணம் போட்டு, தறியில் உட்கார்ந்த மாதிரி வசதியாக.

"எந்திரிம்மா" என்றான் உதய்.

"மாட்டேனுங்க."

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அளக்கறதுக்கும் அத்தனை நேரந்தானுங்க." பிறகு படகுக்குள் இருந்தவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "கேட்டுக்கங்க எல்லாரும். ரெண்டு தடவை அக்கட்டால போய் இக்கட்டால வரணும். அது வரைக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாது. ஆள் கொறஞ்சாப் பாரம் கொறையும், கணக்குப் பொய்யாயிரும். இருக்கறவங்க இருங்க. அவசரமுன்னு எந்திரிக்கறவங்க இப்பவே எந்திரிச்சுப் போங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

காற்றில் ஃபிளெக்ஸ் படபடத்தது. நான் எழுந்து, "ஐஸ் பேக் மத்தியானம் வரைக்கும் தாங்கும். நான் இருக்கேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ராசம்மாள் கருவேப்பிலைக் கட்டைக் காலடியில் போட்டாள். "ரெண்டு நாளு வாடுனது இன்னும் ஒரு மணி நேரம் வாடட்டும். நானும் இருக்கறேன். அளங்கப்பா."

பால்காரர்கள் உட்கார்ந்தார்கள். தறிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். சாமுவேல் வாத்தியார் மட்டும் எழுந்தார். பள்ளிக்கூட மணியடிக்க வேண்டும் என்றார், முகத்தில் சங்கடம். யாரோ பைக்கில் அவரைப் பாலத்து வழியாகக் கொண்டுபோய் விட்டார்கள். போவதற்கு முன்னால் தன் எடை எழுபத்திரண்டு கிலோ என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இடத்தில் தண்ணீர் நிரப்பிய கேன்களை அளந்து வைத்தார்கள்.

சைதன்யா எஞ்சின் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உதய், ஓட்டிப் பாக்கலாம்டா. நான் அன்னைக்கு லோடு இல்லாமத்தான் பாத்தேன்" என்றார் மெதுவாக. உதய் படகில் ஏறினான்.

கௌதமன் பாட்டிலின் அடிப்பக்கத்தை அறுத்து, தலைகீழாகக் கூரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். கழுத்தில் ரப்பர் குழாயை மாட்டி எஞ்சினுக்கு இணைத்தார். எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புகிற சின்னக் குழாயைக் கழற்றி, அதையும் பாட்டிலின் மேல்வாயில் விட்டார்.

"இது எதுக்கு?" என்று கேட்டான் உதய்.

"குடிக்காமத் திருப்பிக் குடுக்கறது, தம்பி. அதைக் குடிச்சதாச் சேத்தா எனக்குச் சாதகமா இருக்கும். எனக்கு அந்தச் சாதகம் வேண்டாமுங்க."

சைதன்யா நிமிர்ந்து கௌதமனைப் பார்த்தார். பிறகு அவரே குனிந்து, குழாயில் நின்ற காற்றை வெளியேற்றத் திருகாணியைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டார். குமிழி நிற்கும் வரை கௌதமன் கையால் பம்ப் அடித்தார். இரண்டு பேர் கையிலும் டீசல் வழிந்தது. குறைந்ததை மறுபடி ஊற்றிப் பாட்டிலை உச்சிக் கோடு வரைக்கும் நிரப்பினார்கள்.

"மிசினுக்குக் குளுக்கோஸ் ஏத்தறாங்கடோய்!" என்றார் ஒரு பால்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று நாளில் அந்தத் துறையில் கேட்ட முதல் சிரிப்பு.

முதலில் உதயின் வேகம். அன்புச்செல்வி எழுந்து முடிச்சை அவிழ்த்தாள். சைதன்யா ஃபோனில் நேரம் வைத்தார். எஞ்சின் கத்தியது. படகின் பின்பக்கம் அழுந்தி, மூக்கில் தண்ணீர் எழும்பியது. காற்றுக்கு எதிரே போனோம். என் கண் பாட்டிலைவிட்டு அகலவில்லை. டீசல் மட்டம் இறங்குவது கண்ணால் பார்க்கும்படி இருந்தது. அக்கரையைத் தொட்டபோது ஒன்பது நிமிடம் பத்து விநாடி. இறங்காமல் அப்படியே திரும்பினோம். இப்போது காற்று எங்கள் முதுகில் இருந்தது. போகிறபோது எதிர்த்த காற்று வருகிறபோது தள்ளும், அதனால்தான் போக்கும் வரத்தும் சேர்த்து அளக்க வேண்டும் என்று கௌதமன் சொன்னார். இக்கரை வந்ததும் எஞ்சினை நிறுத்தினார்.

சைதன்யா பாட்டிலுக்கு நேராகக் கண்ணை வைத்துப் படித்தார். "தொள்ளாயிரம் மில்லி."

மறுபடி உச்சிக் கோடு வரை ஊற்றினார்கள். இப்போது கௌதமனின் வேகம். எஞ்சினின் சத்தம் தாழ்ந்து, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. மூக்கில் மதில் இல்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் வழுக்கிப் போனது. ஒரு கைக்குழந்தை அழுதது. அதன் அம்மா முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். போக பதிமூன்று நிமிடம், வர பதிமூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. இக்கரையில் எஞ்சின் நின்றபோது முப்பத்தைந்து தலைகள் பாட்டிலின் பக்கம் நீண்டன. ராசம்மாள் பைக் சீட்டின்மேலேயே ஏறி நின்றாள்.

"நானூத்தி எண்பது" என்றார் சைதன்யா. ஃபோனில் பெருக்கினார். "போய்வர்றது ஒரு நடைன்னா, பதினாறு நடைக்கு இந்த வேகத்துல ஏழே முக்கால் லிட்டர். அந்த வேகத்துல பதினாலரை." கொஞ்சம் நிறுத்தி, "நேரம் குறைஞ்சாலும் பாரம் ரெண்டு மடங்குக்கு மேல கூடிருது, உதய். எனக்கு அன்னைக்கே தோணியிருக்கணும்" என்றார்.

அன்புச்செல்வி கரையைக் காட்டினாள். நாங்கள் முதலில் வந்த வேகத்தில் கிளம்பிய அலைகள் கரை மண்ணைப் பறித்துக் கலக்கியிருந்தன. தண்ணீர் அங்கே இன்னும் செம்மண் நிறமாக இருந்தது.

"ஆறு லிட்டர் எங்க போச்சுன்னு கேட்டீங்கல்ல? இந்த அலை பூராம் உங்க டீசலுங்க. நீங்க அடிக்கச் சொன்னீங்க, அவரு அடிச்சாரு."

உதயின் காது சிவந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தான். "சரி. தப்பா நெனச்சுட்டேன். நாளையிலருந்து வந்துரு" என்று கௌதமனிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் காரின் பக்கம் நடந்தான்.

"இப்படிக் காதுக்குள்ள சொல்லாதீங்க" என்றாள் அன்புச்செல்வி. அவன் நின்றான். "ஞாயித்துக்கெழமை கூட்டத்துல வெச்சுச் சொன்னீங்க. இதையும் கூட்டத்துல வெச்சுச் சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேனே."

"என்ற காதுக்கே கேக்கலீங்க."

அவன் காரில் ஏறிப் போய்விட்டான். சபரீஷ் சுக்கானைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நான் ஓட்டுனாலும் இதே டீசல்தான் போகும். நாளைக்கு என்னையும் இதே கேப்பாரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். கௌதமன் பாட்டிலைக் கழற்றி, குழாய்களைப் பழையபடி மாட்டினார். எங்களை அக்கரையில் இறக்கிவிட்டு, காலிப் படகைக் கொண்டுவந்து கட்டி, கரையில் காத்திருந்த சைதன்யாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் படகு ஓடவில்லை. மறுபடி முப்பது கிலோமீட்டர். ஆனால் இந்தத் தடவை டீக்கடையில் பேச்சு மாறியிருந்தது. பஸ்ஸில் நின்றபடி வந்த ராசம்மாள், கால் வலிக்கிறதா என்று நான் கேட்டதற்கு, "வலிக்குது. வலிக்கட்டும். அவன் வந்து சொல்ற வரைக்கும் வலிக்கட்டும்" என்றாள். சாமுவேல் வாத்தியார் வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவர்கள் வீட்டுக்குப் போய் வந்ததாகக் கேள்விப்பட்டேன். என்ன பேசினார் என்று தெரியாது. வரும்போது கண் கலங்கியிருந்ததாம்.

இடையில் நரசிம்மலு கௌதமனுக்கு ஃபோன் செய்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டே, "பையன் சின்னவன், நீ பெருசு பண்ணாதே" என்று சொன்னாராம். "நான் பெருசு பண்ணலீங்க, சொன்னது பெருசுங்க" என்று கௌதமன் பதில் சொன்னாராம். பதினேழு வருடத்தில் அவரை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்றாள் அன்புச்செல்வி.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உதய் வந்தான். தனியாக வந்தான். துறை நிறையக் கூட்டம். அவன் வருகிறான் என்று எப்படியோ பரவியிருந்தது. கௌதமனும் அன்புச்செல்வியும் கரையில் ஒரு ஓரமாக நின்றிருந்தார்கள். கௌதமன் சலவைச் சட்டை போட்டிருந்தார்.

உதய் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்தான். பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான்.

"போன ஞாயித்துக்கெழமை இங்க நின்னு, கௌதமன் டீசல் திருடறார்னு சொன்னேன். அவர் திருடலீங்க. வேகமாப் போகச் சொன்னது நானு. அதுனாலதான் டீசல் கூடப் போச்சு. முன்னாலயே அவர் சொன்னாரு, நான் கேக்கல. தப்பு என்னுதுங்க." கௌதமன் பக்கம் திரும்பினான். "மன்னிச்சுக்கங்க."

யாரும் கை தட்டவில்லை. ராசம்மாள் மூக்கை உறிஞ்சினாள். கௌதமன் கும்பிடுவார், கண்ணைத் துடைப்பார், ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"செரிங்க" என்றார். கையை நீட்டினார். உதய் சாவியை அதில் வைத்தான். அவர் படகில் ஏறி எஞ்சின் பெட்டியைத் திறந்தார்.

ஜனங்கள் ஏறினார்கள். அன்புச்செல்வி ஏறும் பலகையின் ஓரத்தில் நின்று ஒவ்வொருவராக எண்ணி ஏற்றினாள். படகின் நெற்றியில் முப்பத்தைந்து பேர் என்று அரசாங்கம் எழுதிவைத்த வெள்ளை எழுத்து உண்டு; பச்சைப் பெயிண்ட் அடித்தபோது பாதி அழிந்துபோய்விட்டது. அதை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. நரசிம்மலு காலத்திலேயே நாற்பது, நாற்பத்தைந்து என்றுதான் ஏறுவோம். அன்றைக்கு அவள் எண்ணினாள்.

எனக்குப் பின்னால் கைக்குழந்தைக்காரி ஏறினாள். அவளுக்குப் பின்னால் உதய் காலைத் தூக்கிப் பலகையில் வைத்தான். அவனுக்குப் பதினொரு மணிக்குப் புதூர்ப் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை.

அன்புச்செல்வி கையைக் குறுக்கே நீட்டினாள். "முப்பத்தஞ்சு ஆயிருச்சுங்க. அடுத்த நடைக்கு வாங்க."

உதய் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்திருப்பான். அவள் சிரிக்கவில்லை.

"நான்தானே..." என்று ஆரம்பித்தான்.

"ஓனருக்கும் அதே கனந்தானுங்களே" என்றாள். "முக்கால் மணி நேரத்துல வந்துருவோம். சித்த உக்காருங்க. வெயில் ஏறலையே."

அவன் காலைப் பலகையிலிருந்து எடுத்தான். அவள் பலகையை உள்ளே இழுத்துப் போட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. படகு அவசரமில்லாமல் கரையைவிட்டு விலகியது.

உதய் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தான். பிறகு கைக்குட்டையை எடுத்துத் துறையின் கல்படியில் விரித்து உட்கார்ந்தான். கௌதமன் அக்கரையைப் பார்த்துச் சுக்கானைப் பிடித்திருந்தார், திரும்பவே இல்லை. அன்புச்செல்வி திரும்பி நின்று பார்த்தாள். படியில் இருந்த அந்த வெள்ளைச் சட்டை புள்ளியாகிற வரைக்கும் பார்த்துவிட்டு, சீட்டுக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்கு நடுவே வந்தாள்.